அது இன்ஜினியர் கேள்வி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்ன இலக்கியக் கூட்டம், முப்பது பேர் இருந்திருப்போம். எழுதிக்கொண்டிருக்கும் சரித்திர நாவலிலிருந்து ஒருவர் இரண்டு அத்தியாயங்கள் வாசித்தார். போர்க்களக் காட்சி. அரசனின் வெள்ளைக் குதிரை தலை முதல் குளம்பு வரை உருக்குக் கவசம் பூண்டு, வெயிலில் மின்னிக்கொண்டு பாய்கிறது. ஒரு அகழியைத் தாண்டுகிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்று கனைக்கிறது. வாசித்து முடித்ததும் கேள்வி நேரம். நான் கை தூக்கினேன்.

“அந்தக் கவசம் குதிரை மேல எப்படிங்க நிக்குது? எங்க கட்டியிருக்கு?”

சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவைக்கக் கேட்கவில்லை. நாவலாசிரியர் சங்கடப்பட்டு மைக்கைத் திருப்ப, தலைமை தாங்கிய மூத்த எழுத்தாளர் அவரைக் காப்பாற்றினார்.

“அது இன்ஜினியர் கேள்வி தம்பி. கவசம் எங்க கட்டியிருக்குன்னு கேக்கறவன் இன்ஜினியர். அந்தக் குதிரை என்ன உணர்ந்துச்சுன்னு கேக்கறவன் எழுத்தாளன்.”

கைதட்டல். நானும் அனிச்சையாகக் கைதட்டிவிட்டேன் என்பதுதான் கேவலம்.

பதில் எனக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் வந்தது. ஐயா, கவசம் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அந்தக் குதிரை என்ன உணர்ந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வார் அக்குளில் உராய்ந்ததா, நெற்றித் தகடு ஓட்டத்தில் ஆடி ஆடிக் கண்ணுக்கு மேல் இடித்ததா, கழுத்தைத் தாழ்த்தினால் எங்கே பிடித்தது? இவை எதுவும் தெரியாமல் எழுதப்படும் ‘உணர்வு’ குதிரையுடையது அல்ல. எழுத்தாளருடைய உணர்வைக் குதிரை மேல் ஏற்றி உட்காரவைத்திருக்கிறோம். இந்தக் கட்டுரை, பஸ்ஸில் வந்த அந்தப் பதிலின் நீண்ட வடிவம்.

*

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரைக் கவசம் எனக்கும் முதலில் ஒரு கேலியாகத்தான் அறிமுகமானது. 2006-ல் ‘ஓப்லிவியன்’ என்ற வீடியோ கேமை விற்ற நிறுவனம் அதற்குக் கூடுதலாக ஒரு பொருளை விற்றது. உங்கள் குதிரைக்குக் கவசம், விலை இரண்டரை டாலர். உலகம் முழுக்க கேம் ஆடுகிறவர்கள் காறித் துப்பினார்கள். அன்றிலிருந்து ‘ஹார்ஸ் ஆர்மர்’ என்றால் ஒன்றுக்கும் உதவாத அலங்காரத்தைக் காட்டிக் காசு பிடுங்குவது என்று அர்த்தம். ஆபீஸில் யாராவது வேண்டாத ஒரு ஃபீச்சரைத் தூக்கிக்கொண்டு மீட்டிங்குக்கு வந்தால் நானே அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு ராத்திரி, பில்ட் ஓடி முடிவதற்காகக் காத்திருந்த நேரத்தில், லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கவசத்தின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1480 வாக்கில், தெற்கு ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட்டில் செய்யப்பட்டது. மனிதனுக்கும் குதிரைக்கும் சேர்த்து ஒரு செட். முன்பக்கப் படத்தைப் பார்த்து எல்லோரையும் போல “அடேயப்பா” என்று சொன்னேன். பிறகு பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். கழுத்துத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் வரிசை, ஆணித் தலைகள், கொக்கிகள். அந்த இடத்தில் என் கேலி நின்றுபோனது. யாரோ ஒருவர் இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் தினமும் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலையை, என்னைவிடப் பல மடங்கு நேர்த்தியாக.

*

சரி, அது எப்படித்தான் நிற்கிறது?

ஐரோப்பியக் குதிரைக் கவசத்தின் முழு செட்டுக்கு ‘பார்ட்’ என்று பெயர். ஐந்து பெரிய பாகங்கள். முகத்துக்கு ஷாஃப்ரான். கழுத்துக்கு கிரினெட். மார்புக்கு பெய்ட்ரல். பின்புறத்துக்கு கிரப்பர். சேணத்துக்குக் கீழே, வயிற்றின் இரு பக்கமும் தொங்கும் தகடுகளுக்கு ஃப்ளான்ஷார்ட். பார்க்க ஒரே இரும்பு உடம்பு மாதிரி இருக்கும். உண்மையில் இந்த ஐந்தும் தனித்தனி. பாரத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்கிற இடம் சேணம். மார்புத் தகடு சேணத்தின் முன்பக்கத்திலிருந்து வார்களில் தொங்குகிறது, பின்புறத் தகடு சேணத்தின் பின்பக்கத்திலிருந்து. பக்கத் தகடுகள் சேணத்தோடு கொக்கியிலோ வாரிலோ மாட்டப்படுகின்றன. அப்படியானால் குதிரைக் கவசம் செய்கிறவனின் முதல் கேள்வி ‘எவ்வளவு கனமான இரும்பு’ என்பது கிடையாது. ‘சேணம் எப்படி உட்கார்ந்திருக்கிறது’ என்பதுதான். சேணம் பிசகினால் மேலே தொங்குவது எல்லாம் பிசகும், குதிரையின் முதுகு புண்ணாகும்.

இது ஒன்றும் பதினைந்தாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் தூரா யூரோப்போஸ் என்ற ரோமானியக் கோட்டை நகரம் இருந்தது. கி.பி. 256 வாக்கில் சாசானியப் படையிடம் விழுந்தது. 1930-களின் அகழாய்வில் அங்கே குதிரைக் கவசங்கள் கிடைத்தன. துணியின் மேல் மீன்செதில் போலச் சிறுசிறு உலோகத் தகடுகளைத் தைத்த போர்வைகள். அந்தப் போர்வையின் நடுவில் சேணத்துக்காக விடப்பட்ட திறப்பு இன்றும் தெரிகிறது. ஆயிரத்து எழுநூறு வருடங்களுக்கு முன் அதைத் தைத்தவனுக்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கிறது.

கழுத்துக்கு வருவோம். என்னைக் கேட்டால் மொத்தக் கவசத்தின் அறிவும் கழுத்தில்தான் இருக்கிறது. குதிரை தலையைத் தாழ்த்தும்போது கழுத்தின் மேல்விளிம்பு நீள்கிறது. தலையைத் தூக்கும்போது அதே விளிம்பு சுருங்குகிறது. பக்கவாட்டில் திரும்பினால் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் மடிகிறது. ஒரே தகட்டை வளைத்து மாட்டினால் குதிரைக்குக் கழுத்து இல்லாமல் போய்விடும். கழுத்து போனால் சமநிலை போய்விடும். அதனால் இறால் முதுகு மாதிரிப் பட்டை பட்டையாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, உட்புறம் தோல் வார்களில் ஆணியடித்துக் கோத்தார்கள். சில இடங்களில் ஆணிக்கு வட்டத் துளைக்குப் பதிலாக நீளமான துளை. ஆணி அதற்குள் வழுக்கிப் போய் வரும். அந்தத் துளையின் நீளம்தான் குதிரைக்கு அனுமதிக்கப்பட்ட அசைவின் அளவு. நீளம் குறைந்தால் கழுத்து மடங்காது. கூடிவிட்டால் இரண்டு பட்டைகளுக்கு நடுவே ஈட்டி நுழைய இடைவெளி வரும். ஒரு உயிருள்ள கழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தச் சில மில்லிமீட்டர்களுக்கு வந்து சேர்ந்திருக்க முடியும்.

மார்புத் தகட்டில் இரண்டு பக்கமும் குமிழ் மாதிரி புடைத்திருப்பதைப் படங்களில் பார்க்கலாம். அலங்காரம் என்று நினைப்போம். முன்னங்கால்கள் வீசும்போது தோள் இடிக்காமல் இருக்க இடம் விட்டுத் தகட்டை வெளியே தள்ளியிருக்கிறார்கள். கூடவே ஈட்டிமுனையைச் சறுக்கிவிடவும் அது உதவுகிறது. விளிம்புகளை வெளிப்புறமாகச் சுருட்டியிருப்பதும் அப்படித்தான். கூர்விளிம்பு தோலை அறுக்காது, தகடும் விறைப்பாகும், சறுக்கி வரும் கூர்முனையும் அங்கே தட்டி நிற்கும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரி வரியாக மடித்த கவசங்கள் வந்தன. நம்மூர்த் தகரக் கொட்டகையின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மெல்லிய தகடு, வரி விழுந்தவுடன் மனிதன் ஏறி நடந்தாலும் தாங்குகிறது.

இப்போது ‘தலை முதல் குளம்பு வரை’. கிட்டத்தட்ட எல்லாக் குதிரைக் கவசங்களிலும் கால்களும் அடிவயிறும் திறந்தேதான் இருக்கும். மறந்துபோய் விட்டதில்லை. மாக்சிமிலியனுக்காக ஆக்ஸ்பர்க்கின் லோரென்ஸ் ஹெல்ம்ஷ்மிட் 1480 வாக்கில் குதிரையின் கால்கள் வரை மூடிய ஒரு கவசம் செய்தார். வியன்னாவில் இருக்கும் ஒரு ஓவியத்தில் அதைப் பார்க்கலாம். அப்படி ஒன்று செய்ய முடிந்தது, ஆனால் வழக்கத்துக்கு வரவில்லை. வழக்கத்துக்கு வராததற்கு முன்னால் நின்று ஒரு நாவலாசிரியர் யோசித்தால் அவருக்கு ஒரு காட்சி கிடைக்கும்: எதிரிக் காலாட்படை குனிந்து குதிரையின் காலையும் வயிற்றையும் தேடுகிறது, மேலே இருப்பவனுக்கு அது தெரியும், குதிரைக்கும் தெரியத் தொடங்குகிறது. எழுதிப் பாருங்கள். அகழி தாண்டுவதைவிட நன்றாக வரும்.

*

படித்தது போதாது என்று தோன்றியது. நாமக்கல்லில் என் தாய்மாமாவுக்கு டிங்கரிங் பட்டறை இருக்கிறது. நசுங்கி வரும் லாரி கேபின்களுக்கு ஒடுக்கு எடுப்பதுதான் நாற்பது வருடத் தொழில். ஷாஃப்ரானின் படத்தைக் காட்டி, இதை எப்படி மாமா செய்வது என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“குதிர மூஞ்சியா? நல்லா அடிச்சிருக்கான் மாப்ள. கண்ணு கிட்ட பாரு, ஒட்டே இல்ல. ஒரே தகடு.”

நான் நூறு தடவை பார்த்தும் கவனிக்காத விஷயம் அது.

காலண்டர் அட்டையில் வடிவம் வெட்டி, 18 கேஜ் தகட்டில் வரைந்து, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அடித்தேன். தகட்டை அடித்தால் குழியும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலோகவியல். இன்ஜினியரிங் டிகிரி வாங்கியவன். மாமா சொல்லிக்கொடுத்தது வேறு: சுத்தியலுக்கும் அடியில் இருக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டும் தகடு மெலிந்து அகலும். நடுவில் அகன்றால் குழிவு வரும், அந்த இடம் மெல்லிசாகிவிடும். குழிவும் வேண்டும், மெலியவும் கூடாது என்றால் ஓரத்தைச் சுருக்கிக்கொண்டு வர வேண்டும். அகட்டுவது எளிது, சுருக்குவதுதான் வித்தை. அவர் சூடு வைத்து ஈரத்துணி போட்டுச் சுருக்குவார். நெற்றியில் அடிபட வாய்ப்புள்ள இடத்தில் தகடு தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லிசாகவும் இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு அடியும் எங்கே விழுகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு, கண் மேட்டைப் புடைக்க அடித்துக்கொண்டிருந்தபோது ஓரத்தில் விரிசல் விட்டது. “சூடு காட்டாம அடிச்சுட்டே இருந்தா தகடு கோவிச்சுக்கும் மாப்ள,” என்றார். அடிக்க அடிக்க உலோகம் கெட்டிப்பட்டு இளகும் தன்மையை இழக்கிறது. இடையிடையே சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இதை நான் கல்லூரியில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கை அதை அன்றைக்குத்தான் படித்தது. மூன்று வாரத்தில் கோணலான ஒரு முக்கால் ஷாஃப்ரான் வந்தது. இப்போது பட்டறையில் நட்டு போல்ட்டு போட்டு வைக்கும் தட்டாக இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஆலையில் ஒரே கனத்தில் உருட்டப்பட்ட தகடு. பதினைந்தாம் நூற்றாண்டுப் பட்டறைக்கு வந்தது நீர்ச்சக்கரத்தால் ஓடும் பெரிய சம்மட்டியில் தட்டித் தட்டையாக்கிய இரும்பு. உள்ளே கசடு இருக்கும், ஒரே தகட்டில் ஒரு இடம் மென்மையாகவும் ஒரு இடம் கடினமாகவும் இருக்கும். வெப்பமானி கிடையாது, நெருப்பின் நிறம்தான் அளவுகோல். ஆலன் வில்லியம்ஸ் என்ற உலோகவியல் ஆய்வாளர் பழைய கவசங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2003-ல் ஒரு தடித்த புத்தகமே வெளியிட்டார். அதில் தெரியவருவது, பல கவசங்கள் வெறும் இரும்பு அல்லது கார்பன் குறைந்த உருக்கு. சூடேற்றித் தண்ணீரில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிக் கடினப்படுத்துவதைத் தொடர்ந்து நம்பகமாகச் செய்தவர்கள் இன்ஸ்ப்ரூக் போன்ற சில இடங்களின் கொல்லர்கள். இன்னொன்றும் சொல்கிறார். பாதரசம் கலந்து தங்கப்பூச்சு பூச வேண்டுமென்றால் தகட்டைச் சூடாக்க வேண்டும், அந்தச் சூடு கடினத்தைக் கெடுத்துவிடும். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியப் பட்டறைகள் கடினப்படுத்துவதைக் கைவிட்டதற்கு இந்தத் தங்க மோகம் ஒரு காரணம் என்பது அவர் வாதம். பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் வாடிக்கையாளர் பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

*

வாடிக்கையாளர் என்றதும் மாக்சிமிலியன் ஞாபகம் வருகிறார். புனித ரோமானியப் பேரரசர். தன் வாழ்க்கையைக் கதையாக எழுதவைத்தார், ‘வெள்ளை அரசன்’ என்று அர்த்தம் வரும் ‘வைஸ்குனிக்’ அந்த நூல். ஹன்ஸ் பர்க்மைரின் மரச்செதுக்குப் படங்களில் ஒன்று, இளம் அரசன் கவசப் பட்டறைக்குள் நிற்கும் காட்சி. சுற்றிலும் சுத்தியல்கள், கொல்லர்கள். நூல் சொல்லவருவது, கவசத் தொழிலின் நுட்பங்களை அரசரே கொல்லர்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று. இன்ஸ்ப்ரூக் அரசவைப் பட்டறையைக் கொன்ராட் சோய்சன்ஹோஃபர் என்ற மேதை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. சொல்லிக்கொடுத்தது அரசராம்!

எல்லா ஆபீஸிலும் இந்தப் படம் மாட்டியிருக்கிறது. ஃப்ரேம்தான் வேறு.

அதே மாக்சிமிலியனிடமிருந்து இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு வந்ததாகச் சொல்லப்படும் ஒரு குதிரைக் கவசம், லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸில் இருக்கிறது. 1510 வாக்கில் செய்யப்பட்டது, பர்கண்டியன் பார்ட் என்று பெயர். மாதுளைகள் புடைத்து நிற்க, ஒருகாலத்தில் வெள்ளியும் தங்கமும் பூசியிருந்தது. கொடுத்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், வாங்கியவர் பெயர் சினிமா வரைக்கும் தெரியும். தகட்டை அடித்தவர் கில்லம் மார்கோ, பிரஸ்ஸல்ஸ்காரர். செதுக்கிப் பூச்சு வேலை செய்தவர் பால் வான் வ்ரேலன்ட். மிலானில் 1450 வாக்கில் ஒரு முழுக் குதிரைக் கவசம் செய்தவர் பியர் இன்னோசென்சோ தா ஃபெயர்னோ. நியூரம்பர்க்கின் குன்ஸ் லோக்னர் 1548-ல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. இந்தப் பெயர்களை வேண்டுமென்றே அடுக்குகிறேன். பட்டறை முத்திரை, நகர முத்திரை, பணம் கொடுத்த கணக்கு என்று ஏதோ ஒன்று தப்பியதால் இவை நமக்குக் கிடைத்தன. பெயர் தப்பாத எத்தனையோ கைகள் இவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன: அடிப்பவர், சாணைச்சக்கரத்தில் மெருகேற்றுபவர், கீலும் கொக்கியும் செய்யும் பூட்டுக்கொல்லர், வார் அறுக்கும் தோல்காரர்.

இலக்கிய நண்பர்களுக்கு ஒரு தகவல். கவசத்தின் மேல் அமிலம் ஊற்றிப் பூவேலை அரிக்கும் நுட்பத்தில் தேர்ந்த ஆக்ஸ்பர்க்கின் டேனியல் ஹோப்ஃபர், அதே முறையை இரும்புத் தகட்டில் செய்து மை தடவிக் காகிதத்தில் அச்செடுத்தார். எட்சிங் என்று நாம் கலைக்கூடத்தில் நின்று தலையாட்டும் அச்சுக்கலை, கவசப் பட்டறையின் வாசல் வழியாக வந்தது. ‘இது கலை, அது தொழில்நுட்பம்’ என்று கோடு போடுகிறவர்கள் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும்.

*

நான் சண்டை போட வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

முதலாமவர், “அந்தக் காலத்து ஆள் கவசம் போட்டா எந்திரிக்கவே முடியாது, கிரேன் வெச்சுத்தான் குதிரை மேல ஏத்துவாங்க” என்பவர். 1944-ல் லாரன்ஸ் ஒலிவியரின் ‘ஹென்றி த ஃபிஃப்த்’ படத்தில் அப்படி ஒரு காட்சி வருகிறது. உலகம் அதை நம்பிவிட்டது. லாண்ட்ஸ்ஹூட் செட்டில் மனிதக் கவசம் சுமார் 27 கிலோ, குதிரையுடையது 30 கிலோவை ஒட்டி. ஆள் எழுபது கிலோ, சேணம் ஒரு பத்து என்று வைத்தாலும் எல்லாம் சேர்ந்து 140 கிலோவுக்குள். நல்ல குதிரைக்கு இது சுமைதான், ஆனால் சுமக்கக்கூடியது. “அதுக்குத்தான் ராட்சசக் குதிரை வெச்சிருந்தாங்க” என்பார் அடுத்து. எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தார் இங்கிலாந்து முழுக்கக் கிடைத்த பழைய குதிரை எலும்புகளை அளந்து பார்த்தார்கள். இடைக்காலக் குதிரைகளில் பெரும்பாலானவை தோள் உயரத்தில் சுமார் 148 சென்டிமீட்டருக்கும் கீழே. இன்றைய கணக்கில் போனி. பிரபுக்களின் போர்க்குதிரை அதில் உயரமான வகையாக இருந்திருக்கும், யானையாக இருந்திருக்காது. உண்மையான எதிரி எடை இல்லை, வெப்பம். குதிரை வியர்த்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. மெத்தைத் துணி வைத்து, மேலே இரும்பும் போட்டு அந்த வியர்வையை மூடிவிடுகிறோம். எவ்வளவு நேரம் ஓட வைக்கலாம் என்பதைக் கவசம் போட்டவன் கணக்கிட்டே ஆக வேண்டும். நம் சரித்திர நாவல்களில் காலையில் தொடங்கும் குதிரைப் பாய்ச்சல் சாயங்காலம் வரை நிற்பதில்லை.

இரண்டாமவர் பெருமைக்காரர். “அவனுக்கு உருக்கே நாமதான் குடுத்தோம்” என்று ஆரம்பிப்பார். தமிழ்நாட்டின் உருக்கு பெரிய விஷயம்தான், கொடுமணல் அகழாய்வு பொய் சொல்லவில்லை. ஆனால் மூசையில் உருக்கிய நம் உருக்கு கார்பன் மிகுந்தது, வாளுக்குப் பேர்போனது. ஆக்ஸ்பர்க்கும் இன்ஸ்ப்ரூக்கும் கவசத்துக்கு அடித்தது ஆல்ப்ஸ் மலைப்பகுதி இரும்பு. உருக்கு காய்ச்சுவது ஒரு அறிவு, அதைத் தகடாக்கி ஒரு கழுத்தின் மேல் வழுக்கவிடுவது இன்னொரு அறிவு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? பெருமைக்காரரிடம் நான் கேட்பதும் அதே இன்ஜினியர் கேள்விதான். அந்த மூசையை எதில் செய்தார்கள்? மண்ணோடு உமி கலந்து பிசைந்தார்கள். ஏன் உமி? இதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு வேண்டியது உருக்கின் புகழ், உருக்கினவனின் கை அல்ல.

இத்தனைக்கும் நம் பக்கத்துச் சான்று ஒன்று அதே லீட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரு யானைக் கவசம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தகடுகளை வளையங்களால் கோத்தது, மிஞ்சியிருக்கும் பகுதியே 118 கிலோ. அந்தக் காலத்து மெட்ராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவின் மனைவி 1801-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. கொண்டுபோனவர் பெயர் பதிவாகியிருக்கிறது. கோத்தவர் பெயர் பதிவில் இல்லை.

*

கடைசியாக, அந்த மூத்த எழுத்தாளரின் கேள்விக்கே வருகிறேன். குதிரை என்ன உணர்ந்தது?

ஷாஃப்ரான்களில் ஒரு வகை உண்டு. நெற்றி இருக்கிறது, மூக்குத்தண்டு இருக்கிறது, காதுக்கு இடம் இருக்கிறது. கண்ணுக்குத் துளை இல்லை. முழுத் தகடு. ஜெர்மானிய ஈட்டிப் பந்தயங்களில் இதைப் பயன்படுத்தினார்கள். எதிரே இன்னொரு குதிரை பாய்ந்து வருவதைப் பார்த்தால் குதிரை விலகும். விலகினால் ஈட்டி குறி தவறும், ஆட்டம் கெட்டுவிடும். அதனால் கண்ணை மூடிவிட்டார்கள். சில பந்தயங்களில் மார்பில் வைக்கோல் திணித்த பெரிய மெத்தையைக் கட்டினார்கள், மோதல் நடக்கும் என்று தெரிந்து.

இதை முதலில் படத்தில் பார்த்தபோது செய்தவனின் திறமையைத்தான் பார்த்தேன். ஒழுங்கான வளைவு, நடுவில் கூரான முகடு, சுருட்டிய விளிம்பு. நாமக்கல்லில் அடித்துத் தோற்றவன் என்பதால் பொறாமையோடு பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் அழகாக மேடு எழுப்பியிருந்தது. உள்ளே கண்ணிமை தகட்டில் உரசாமல் இருக்க விட்ட இடம் அது. அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குதிரையின் கண் உறுத்தக்கூடாது என்று அத்தனை அக்கறையாக அடித்தவன், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் விடவில்லை. அக்கறையும் கொடுமையும் ஒரே தகட்டில், ஒரே சுத்தியலில். அவனுக்கு அது வேலை. நானும் யாருடைய கண்ணையோ மூடும் மென்பொருளை, இமை உரசாத நேர்த்தியோடு எழுதிக் கொடுத்திருக்கிறேனா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

குதிரை என்ன உணர்ந்தது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக நெருக்கமான பதில் இது: இருட்டு, தன் மூச்சு தகட்டில் பட்டுத் திரும்பும் சூடு, முதுகில் அழுத்தும் கால்கள், எதிரே நெருங்கும் குளம்போசை. இதை எனக்குச் சொன்னது கற்பனை அல்ல, துளை போடாமல் விட்ட ஒரு தகடு. அந்தத் தகட்டை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனதால்தான் அந்தக் கண் வரை போய்ச் சேர முடிந்தது.

எல்லாத் தகவலையும் நாவலில் கொட்டு என்று நான் சொல்லவில்லை. ஆணி நீளத்தை மூன்று பக்கம் எழுதுகிறவரைப் படிக்க எனக்கும் பொறுமை கிடையாது. எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் அவர் குதிரை அகழி தாண்டாது. தாண்ட மறுத்து நிற்கும் அந்த இடத்தில் கதை தொடங்கலாம். கேட்கவே கூடாது என்று சொல்லும் சூழலில்தான் வைஸ்குனிக் மாதிரியான கதைகள் நிலைக்கின்றன. செய்தவனிடம் கேள்வி கேட்காத இடத்தில் அரசன் வந்து “நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்பான். அதையும் கைதட்டிக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். யாராவது குதிரையைக் கவசத்தோடு கொண்டுவந்தால் கை தூக்குவேன். கேள்வி பழையதுதான்: “எங்கங்க கட்டியிருக்கு?”